கிளிநொச்சியில் டிஷ்ஷை நிறுத்தி அன்ரெனாவும் ஸ்ரீமிங் பெட்டியும் போட்டால், நாடகங்களைப் பதிவுசெய்து பார்க்கலாமா?

அன்ரெனாவில் வருவதைப் பதிவுசெய்வது சிரமம். இங்கே தரைவழி ஒளிபரப்பு இன்னும் அனலொக்; ரீவியில் யூஎஸ்பி பதிவு வசதி இருந்தாலும் பெரும்பாலும் டிஜிற்றல் அலைவரிசைக்குத்தான் வேலை செய்யும். டிவிபி-டி2 என்ற வேறொரு டிஜிற்றல் முறைக்கான பெட்டியை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். இலங்கை தெரிந்தெடுத்த டிஜிற்றல் முறை ஐஎஸ்டிபி-டி. தவறவிட்ட நிகழ்ச்சியை யூரியூப்பில் தேடிப் பார்ப்பதே நடைமுறை.

அன்ரெனாவை முதலில் கொக்காவில் கோபுரம் பக்கம் திருப்புங்கள். கிளிநொச்சி நகரிலிருந்து அது தெற்கே, மாங்குளத்திலிருந்து வடக்கே. கம்பிகள் கிடையாகவா நிமிர்ந்தா என்பதை, நன்றாகப் படம் வரும் அயல்வீட்டு அன்ரெனாவைப் பார்த்து வையுங்கள். தென்னை, பனை வட்டுக்கு மேலே உயர்த்தினால் பாதிப் பிரச்சினை தீரும். வயர் ஆர்ஜி-6, 75 ஓம். கூரைக்கு வெளியே இருக்கும் இணைப்பை ரேப் சுற்றி மூடாவிட்டால் மாரியில் தண்ணீர் இறங்கி, செம்பு பச்சை பிடித்து, படம் புள்ளி விழும். பூஸ்ரர் தேவையென்றால் அன்ரெனாவுக்குக் கிட்டவே பூட்டுங்கள். ரீவிக்குப் பின்னால் பூட்டினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

ஸ்ரீமிங் ஸ்ரிக்குக்கு எச்டிஎம்ஐ துளை வேண்டும். பழைய ரீவியென்றால் எச்டிஎம்ஐயை ஏவி வயருக்கு மாற்றும் சிறு பெட்டி தேவை. மின்சாரத்தை ரீவியின் யூஎஸ்பியில் எடுக்காமல் கூட வந்த அடப்ரரில் கொடுங்கள், இல்லையேல் அடிக்கடி தானாக நின்று தொடங்கும். 480பி என்ற சாதாரண படத்தரத்தில் மணிக்குச் சுமார் அரை ஜிபி டேற்றா செலவாகும், 1080பி என்ற உயர்தரத்தில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு.

ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்கமுன்பே அன்ரெனா வயரையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். இரும்புக் கம்பத்துக்குக் கட்டாயம் நிலத்தொடுப்புப் போடுங்கள்.