முழங்கைக் கேள்வி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வார இறுதி லீக் ஒன்றில் நைன் பால் (ஒன்பது பந்துகளை வைத்து ஆடும் பூல்) ஆடுகிறேன். நடுவர் கிடையாது, ஃபவுலை நாங்களேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். சென்ற முறை எனக்கு வாய்த்த எதிராளி, நான் குனிந்து கியூவை (பந்தை அடிக்கும் கோலை) நீட்டும்போதெல்லாம் கையுறையின் வெல்க்ரோவைப் பிரித்து ஒட்டுவார். நான் குறிவைக்கும் பாக்கெட்டுக்குப் பின்னால் வந்து நிற்பார். தொடர்ந்து இரண்டு ரேக் (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு சுற்று) நான் எடுத்ததும், “இன்னிக்கு உங்க கை என்ன நேரா போகுது! முழங்கையில ஏதாவது மாத்தினீங்களா?” என்று சிரித்தபடி கேட்டார். அதன்பின் எளிய பந்துகளைக்கூட விட்டுத் தோற்றேன். இது ஏமாற்று வேலையா, ஆட்டத்தில் சகஜமா? அடுத்த முறை நானும் இதையே செய்யலாமா? மனசு உறுதியாக இருந்தால் எதுவும் பாதிக்காது என்கிறார்கள் நண்பர்கள்.

கு.

அன்புள்ள கு.,

வெல்க்ரோவை முதலில் எழுதியிருக்கிறீர்கள், முழங்கைக் கேள்வியைக் கடைசியில். உங்களைத் தோற்கடித்தது பெரும்பாலும் அந்தக் கேள்விதான்.

மனசு உறுதியை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். 9 அடி மேஜையின் ஆடுபரப்பு 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். பந்தின் விட்டம் 57 மி.மீ. மூலைப் பாக்கெட்டின் வாய் நாலரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இரண்டு பந்து அகலம். விழவேண்டிய பந்து பாக்கெட்டிலிருந்து அரை மேஜை தூரத்தில் இருக்கிறது, கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து அதற்கு ஒரு மீட்டர் பின்னால், எல்லாம் ஒரே நேர்கோட்டில். பாக்கெட்டை எட்டும்போது அந்தப் பந்து நடுவிலிருந்து இடமோ வலமோ 28 மி.மீ. விலகலாம். அதற்குள் நிற்க வேண்டுமென்றால் மோதும் இடத்தில் வெள்ளை விலகக்கூடியது சுமார் 1.3 மி.மீ. மட்டுமே. கோணமாகச் சொன்னால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேஜைமேல் ஊன்றிக் கியூவைத் தாங்கும் பிரிட்ஜ் கைக்கும் கியூவைப் பிடித்திருக்கும் பின்கைக்கும் நடுவே 80 செ.மீ. இருக்கும். பின்கை பக்கவாட்டில் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல் நகர்ந்தாலே பந்து பாக்கெட்டின் தாடையில் இடித்துத் திரும்பிவிடும். இதற்குத் திடுக்கிட வேண்டியதே இல்லை. தோள் கொஞ்சம் இறுகினாலே போதும். எத்தனை மனஉறுதி உள்ளவருக்கும் தோள் இறுகும்.

இப்போது அந்தக் கேள்வி. சியன் பைலாக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002-இல் தேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருமுறை, பந்தைக் குழிக்குத் தள்ளும்போதே ஒலிநாடாவில் வரும் ஒலிகளைக் கவனித்துக் குறிப்பிட்ட ஒலி வரும்போது சொல்ல வேண்டும். இன்னொரு முறை, தங்கள் வீச்சையே கவனித்து அது முடியும் கணத்தைச் சொல்ல வேண்டும். ஒலிகளைக் கேட்டுக்கொண்டு ஆடியபோதுதான் நன்றாக ஆடினார்கள். தன் கையைத் தானே கவனித்தபோது ஆட்டம் கெட்டது. கைக்குப் பழகிப்போன வேலையை மூளை மேற்பார்வை பார்க்க வந்தால் அப்படித்தான் ஆகும். “முழங்கையில ஏதாவது மாத்தினீங்களா” என்ற பாராட்டு அந்த மேற்பார்வையாளரைத்தான் உள்ளே அனுப்பிவைக்கிறது. எதிராளியின் கவனத்தைக் கலைக்கும் ஷார்க்கிங் எனப்படும் கலையில் இதைவிடத் தேர்ந்த உத்தி இல்லை. கேட்டவரைக் குறைசொல்லவும் முடியாது, பாராட்டத்தானே செய்தார்!

பதிலுக்கு “நன்றி” என்று மட்டும் சொல்லுங்கள். முழங்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவேண்டாம், “இல்லையே, எப்போதும் போலத்தான்” என்றுகூட. அதைச் சொல்வதற்கே முழங்கையை நினைக்க வேண்டியிருக்கும். பிறகு அடுத்த ஷாட்டை மேஜையில் கண்ணுக்குத் தெரியும் பொருளாக உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்: “ஆறு மூலைக்கு, வெள்ளை ஒரு குஷன் பட்டு ஏழுக்கு இந்தப் பக்கம் நிற்கணும்.” (குஷன் என்பது மேஜையின் ஓரப் பட்டை.) கவனத்துக்குக் கைக்கு வெளியே ஒரு வேலை கிடைத்துவிடும்.

பாக்கெட்டுக்குப் பின்னால் நிற்பது வேறு வகை. அடிக்குமுன் கண் இலக்கின்மேல் அசையாமல் நிலைக்கும் கடைசிப் பார்வை தேர்ந்தவர்களிடம் நீளமாக இருக்கிறது என்று ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் பல விளையாட்டுகளில் காட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் பார்வையின் ஓரத்தில் ஒரு கால் அசைந்தால் கண் தானாகவே அங்கே தாவும். அசையாமல் நிற்பவர் அவ்வளவு தொந்தரவில்லை. நீங்கள் கியூவைப் பின்னிழுக்கும்போது சரியாக ஓர் அடி எடுத்துவைப்பவர்தான் ஆபத்து.

இது ஏமாற்றா என்று கேட்டீர்கள். உலக பூல்-பில்லியர்ட் சங்கத்தின் விதிகளில் எதிராளியின் கவனத்தைக் கலைப்பது விளையாட்டுக்கு ஒவ்வாத நடத்தை என்று பெயர்சொல்லியே இருக்கிறது. வேண்டுமென்றே நேரம் கடத்துவதும், வேண்டுமென்றே கியூவை வழுக்கவிட்டு அடிப்பதும் அதே பட்டியலில்தான். எச்சரிக்கையில் தொடங்கி ரேக்கையோ ஆட்டத்தையோ பறிப்பது, போட்டியைவிட்டு வெளியேற்றுவது வரை நடுவர் தண்டிக்கலாம். ஆனால் ‘வேண்டுமென்றே’ என்பது நிரூபணமாக வேண்டும். நடுவரில்லாத மேஜையில் அதை யார் நிரூபிப்பது? பாதிப் பேருக்குத் தாங்கள் செய்வது தெரியவும் தெரியாது. வெல்க்ரோ சிலருக்கு நகம் கடிப்பதைப் போல ஒரு பழக்கம்.

ஆகவே நோக்கத்தைப் பேசாதீர்கள், செயலைப் பேசுங்கள். ஒரு ரேக் முடிந்து அடுத்தது தொடங்குமுன், தணிந்த குரலில், “நான் குனிஞ்சிருக்கும்போது அந்தப் பக்கம் நிக்காதீங்க, கண்ணில படுது.” அவ்வளவுதான். நல்லவர் மன்னிப்புக் கேட்டு நாற்காலிக்குப் போய்விடுவார். மற்றவருக்கு, நீங்கள் கவனித்துவிட்டீர்கள் என்பது தெரிந்துவிடும். மறுபடியும் செய்தால் ஷாட்டை அடிக்காமல் நிறுத்திவிட்டுப் போட்டி நடத்துபவரைக் கூப்பிடுங்கள். அடித்துத் தவறவிட்ட பிறகு சொன்னால், உண்மையே ஆனாலும், தோற்றவனின் புலம்பலாகத்தான் கேட்கும்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றையும் சொல்லிவைக்கிறேன், என்றாவது மாட்டுவீர்கள். எதிராளி மூன்று நான்கு ரேக்குகளில் எளிதாகக் கிடக்கும் ஒன்பதாம் பந்தை (அதை விழவைப்பவருக்கே ரேக்) “எடுத்துக்கோங்க” என்று விட்டுக்கொடுப்பார். பெருந்தன்மை போலிருக்கும். இருவரும் சமநிலையில் நிற்கும் கடைசி ரேக்கில், அதே மாதிரி ஒன்பது கிடக்கும்போது வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அன்று முழுக்க நீங்கள் ஒரு ஒன்பதைக்கூட அடித்திருக்க மாட்டீர்கள். “ஏன் சொல்லமாட்டேங்கிறார்” என்று யோசித்தபடியே குனிவீர்கள். இதற்கு மருந்து முதல் ரேக்கிலேயே இருக்கிறது: “நன்றி, அடிச்சிடறேன்.”

நீங்களும் அதையே செய்யலாமா? கூடாது என்பேன், அறத்துக்காக மட்டுமல்ல. நாற்காலியில் இருக்கும் நேரத்தில்தான் பந்துகள் எப்படிச் சிதறியிருக்கின்றன, குஷன் எவ்வளவு வேகமாகத் திருப்புகிறது, அவர் எந்தப் பந்தில் மாட்டிக்கொள்வார் என்பதையெல்லாம் பார்க்க முடியும். எப்போது இருமலாம் என்று காத்திருப்பவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

உங்கள் பக்கத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர் ஆடும்போது கியூ முனையில் சாக் (சுண்ணக்கட்டி) போடவேண்டாம், ஜம்ப் கியூவை (பந்தைத் தாவவைக்கும் கியூவை) திருகி மாட்டவேண்டாம். குறிப்பாக, அவர் வெற்றிக்கான ரேக்கை ஆடிக்கொண்டிருக்கும்போது உங்கள் கியூவைக் கழற்றினால், தோல்வியை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும் விதி உண்டு. பேசியே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. மூன்று தொடர் ஃபவுலுக்கு ரேக் போகும் ஆட்டத்தில், இரண்டு ஃபவுலோடு மேஜைக்கு வருபவரை எச்சரிக்கவேண்டும், சொல்லாவிட்டால் அடுத்த ஃபவுல் மூன்றாவதாகக் கணக்கில் வராது. எந்தப் பந்தில் முதலில் படும் என்று சந்தேகமான ஷாட்டானால் நிறுத்தச்சொல்லி மூன்றாமவரைப் பார்க்கவைக்க வேண்டும். எல்லாம் அவர் குனியுமுன். குனிந்த பிறகு சொன்னால் விதிப்படி சரியான பேச்சும் கலைப்புதான்.

கடைசியாக, சத்தத்தில் ஆடிப் பழகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படித்ததும் தோன்றும். விடாமல் ஒலிக்கும் சத்தம் காதுக்குப் பழகிவிடும். மாஸ்கோனி கோப்பை என்ற பூல் போட்டியில் கூட்டம் கத்திக்கொண்டேதான் இருக்கிறது, ஆடத்தான் செய்கிறார்கள். (எல்லோருக்கும் இது ஒத்துவராது. யு.எஸ். ஓப்பன் நைன் பாலை ஐந்து முறை வென்ற எர்ல் ஸ்டிரிக்லண்ட், தொழிற்சாலையில் போடுவது மாதிரியான காதடைப்பானோடு ஆடியிருக்கிறார்.) அமைதியில் திடீரென்று வரும் சத்தத்துக்கு அவ்வளவு எளிதில் பழக முடியாது. அதற்கு ஒரே வழி, எழுந்துவிடுவது.

அதைத்தான் பயிற்சி செய்யவேண்டும். நேரான, நடுத்தர தூர ஷாட் ஒன்றை வைத்து இருபது முறை அடியுங்கள். நண்பர் ஒருவர் ஐந்தாறு முறை, தன் இஷ்டப்படி, நீங்கள் குனிந்திருக்கும்போது கைதட்டட்டும். தட்டியதும் அடிக்காமல் எழுந்துவிட வேண்டும். முழுதாக எழவேண்டும்: பின்கால் ஓர் அடி பின்னால், கியூவின் அடிப்பாகம் தரையில், சாக் ஒருமுறை, பிறகு ஷாட்டின் நேர்கோட்டை நின்றபடியே மறுபடி பார்த்துக் குனியவேண்டும். பலர் தலையை மட்டும் தூக்கிவிட்டு அதே நிலையில் திரும்ப இறங்குகிறார்கள். தோள் இறுகியது இறுகியபடியே இருக்கும், பிரிட்ஜும் சற்று நகர்ந்திருக்கும், அது தெரியாமலே அடிப்பார்கள். ஷாட்டுக்கு 30 விநாடிதான் என்ற ஆட்டமானால் பத்து விநாடிக்கு மேல் மிச்சமிருந்தால் மட்டும் எழுங்கள். இல்லையென்றால் அந்த ரேக்குக்கான கூடுதல் நேரத்தைக் கேட்டுவிட்டு எழுங்கள். கைதட்டிய பிறகும் அடித்துவிட்டால், பந்து விழுந்தாலும் அந்த ஷாட்டைத் தவறாகவே எண்ணுங்கள்.