இரவெல்லாம் அம்மாவை எழுப்பியது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. சென்ற வாரம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடி. ஒருமுறை வாந்தி எடுத்தார். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதால் ஓர் இரவு ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். முதலில் அரைமணிக்கொரு தரம், பிறகு மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து எழுப்பி, கண்ணில் டார்ச் அடித்து, ‘பேர் என்ன, இது எந்த இடம், என்ன மாசம்’ என்று அதையே கேட்டார். விடியற்காலை 3 மணிக்கு அம்மா வலப்பக்கம் ஒருக்களித்து அயர்ந்து தூங்கினார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லையென்று விரல் நகத்தில் பேனாவை வைத்து அழுத்தினார் நர்ஸ். அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் மிரண்டார். வலது கண் வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை என்று டாக்டரை அழைத்து மறுபடி ஸ்கேன். அதிலும் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு வெகுநாளாக இடது காது கேட்காது. வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வயதானவரை இப்படி வதைக்கத்தான் வேண்டுமா? வீட்டில் இனி எதைக் கவனிப்பது?

பதில்: உங்கள் அம்மா பட்ட சிரமம் புரிகிறது. ஆனாலும் அந்த நர்ஸ் செய்தது சரி. அன்றிரவு நடந்ததற்கான விளக்கமும் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலேயே இருக்கிறது.

ஸ்கேன் என்பது அது எடுத்த நேரத்து நிலவரம் மட்டுமே. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக்கூட மண்டைக்குள் கசிவு தொடங்கலாம். மணிக்கொரு தரம் ஸ்கேன் எடுக்க முடியாது. நர்ஸின் கண்ணும் கையும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. 1974-இல் கிளாஸ்கோ நகரின் நரம்பியல் அறுவை நிபுணர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும் வகுத்தது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. முழு மதிப்பெண் 15. 8-க்கோ அதற்குக் கீழேயோ வந்தால் மூச்சுக்குழாய் அடைபடாமல் காப்பதே முதல் வேலையாகிவிடும். போன மணி நேரத்தைவிட இப்போது குறைந்திருக்கிறதா என்பதைத்தான் நாங்கள் முக்கியமாகப் பார்க்கிறோம். தூங்க விட்டால் தூக்கமா மயக்கமா என்று பிரித்தறிய வழியே இல்லை. நகத்தை அழுத்துவதும் அதற்காகத்தான். கூப்பிட்டு, தோளைத் தட்டி, அதற்கும் அசைவில்லை என்றால் மட்டுமே அதைச் செய்வார்கள்.

இப்போது 3 மணிக்கு வருவோம். வலப்பக்கம் ஒருக்களித்திருந்தார் என்கிறீர்கள். அப்படியானால் கேட்கிற காது தலையணையில் புதைந்திருந்தது. மேலே இருந்தது கேட்காத காது. நர்ஸ் எத்தனை தரம் கூப்பிட்டும் குரல் உள்ளே போயிருக்காது. அழுத்திய பிறகே கண் திறந்ததால் 4-க்கு 2. பாதித் தூக்கத்தில் மிரண்டு பேசியதால் 5-க்கு 4. சொன்னபடி கையைத் தூக்கியிருந்தாலும் 15 என்பது 12 ஆகிவிடுகிறது. கூடவே வலது கண்பாவை அசையவில்லை. மண்டைக்குள் ரத்தம் தேங்கி மூளையைத் தள்ளும்போது மூன்றாவது மூளை நரம்பு நசுங்கும். அந்தப் பக்கத்துப் பாவை விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றுவிடும். அந்த நிலையில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். புரை ஆபரேஷன் ஆன சிலருக்குப் பாவை வட்டமாக இல்லாமலும் சரியாகச் சுருங்காமலும் இருப்பதுண்டு. ஆனால் அது தெரிந்திருந்தால்கூட, மதிப்பெண் இறங்கிய நேரத்தில் நான் ஸ்கேன் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது, பதில் சொல்லாத ஒரு பெரியவரைப் பார்த்து ‘குழப்பமாக இருக்கிறார்’ என்று எழுதப்போனேன். வார்டு சிஸ்டர் என் கையைத் தடுத்து, “முதல்ல அவருக்குக் காது கேக்குதான்னு பாருங்க டாக்டர்” என்றார். இன்றும் ஒவ்வொரு நோயாளியிடமும் அதை நினைத்துக்கொள்கிறேன். எந்தக் காது மந்தம், எந்தக் கண்ணில் ஆபரேஷன், கண்ணழுத்தத்துக்குச் சொட்டு மருந்து உண்டா, ஏற்கெனவே மறதி உண்டா என்பதையெல்லாம் சேர்க்கும்போதே கேட்டு எழுதியிருக்க வேண்டும். கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். காது மெஷின் இருந்தால் மாட்டிவிடுங்கள். மாதம் கேட்டால் ‘ஐப்பசி’ என்று சொல்கிற பாட்டிகள் உண்டு. அது சரியான விடைதான் என்று வெளியூரிலிருந்து வந்த நர்ஸிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இனி வீட்டில். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கி, அதன் மேலுள்ள சிறு ரத்த நாளங்கள் இழுபட்டு நிற்கும். அவற்றிலிருந்து மெல்லக் கசியும் ரத்தம் சில வாரங்கள் கழித்துக்கூட வேலையைக் காட்டும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், புதிதாக வரும் மறதி, நடையில் தள்ளாட்டம், ஒரு கையில் பலக்குறைவு ஆகியவற்றில் எது வந்தாலும் ‘வயசாயிடுச்சு’ என்று விடாமல் அன்றே காட்டுங்கள். வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பியும் எழாத நிலை என்றால் உடனே 108. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அதைத் தந்த டாக்டரிடம் விழுந்த விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ தண்ணீர் போலவோ ரத்தமாகவோ ஏதாவது வழிந்தால், மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் விரிசல் இருக்கலாம். காதுக்குப் பின்னால் கன்றிப்போவதும் அப்படித்தான். வழிவதைப் பஞ்சு வைத்து அடைக்காமல், சுத்தமான துணியை மேலாகப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மூக்கைச் சிந்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். காதில் எண்ணெய் காய்ச்சி விடும் வழக்கம் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இப்போது அது வேண்டாம்.