கேபிள் இல்லாத ஆக்சிலரேட்டரை நம்பலாமா?
வணக்கம். கேபிள் வைத்த பழைய காரிலிருந்து புதிய பெட்ரோல் காருக்கு மாறியபின், மிதித்தவுடன் வண்டி பாய்வதில்லை என்றும், கம்பியே இல்லாத ஆக்சிலரேட்டர் ஆபத்தில்லையா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தாமதம் உங்கள் கற்பனையன்று. முன்பு உங்கள் காலே, எஞ்சினுக்குக் காற்று செல்லும் வழியிலுள்ள த்ராட்டில் வால்வைத் திறந்தது. இப்போது மிதிப்பது கணினிக்கு விடுக்கும் கோரிக்கை மட்டுமே, எவ்வளவு திறப்பது என்பதை எரிபொருள் கலவையையும் புகைக் கட்டுப்பாட்டையும் பார்த்து அது முடிவுசெய்து, சிறு மோட்டாரால் திறக்கிறது. அந்த அதிகாரம் அதனிடம் இருப்பதால்தான், மழைச் சாலையில் சக்கரம் வழுக்கும்போது, நீங்கள் காலை எடுக்கும் முன்பே வால்வைச் சற்று மூடி வண்டியைக் காப்பாற்ற முடிகிறது. இந்த ஒரு நன்மைக்காகவே சிறு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து. ஐடிலை, அதாவது மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, சீராக வைப்பதும், வண்டியை ஒரே வேகத்தில் ஓட்டும் குரூஸ் கண்ட்ரோலும் அதே மோட்டாரின் வேலைதான்.

இது புதிய சோதனையும் அன்று. பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் 1980களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. பெடலில் பொதுவாக இரண்டு சென்சார்கள் உண்டு. அவை தரும் அளவுகள் ஒத்துப்போகாவிட்டால் கணினி எஞ்சின் ஆற்றலைக் கட்டுப்படுத்தி எச்சரிக்கை விளக்கை எரியவிடும். மோட்டாருக்கு மின்சாரம் நின்றால், ஸ்பிரிங் வால்வைக் கிட்டத்தட்ட மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

தாமதத்தைப் போக்குவதாக விற்கும் பெடல் பெட்டிகளை வாங்காதீர்கள். அவை பெடலிலிருந்து கணினிக்குச் செல்லும் சிக்னலை மாற்றுமே தவிர எஞ்சினின் ஆற்றலைக் கூட்டா. நாளாக ஆகத் தாமதம் கூடினால் அந்த வால்வு பொருந்தியிருக்கும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா எனப் பார்க்கச் சொல்லுங்கள்; சுத்தம் செய்யும்போது வால்வின் தகட்டை விரலால் தள்ள வேண்டாம் என்பதையும் மெக்கானிக்கிடம் மறவாமல் சொல்லுங்கள்.