இரண்டு முறை தைத்த பக்கம்

அன்புள்ள ஐயா,

மரபணு இரட்டிப்பால்தான் உயிர்களில் புதியவை பல வந்தன என்று சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் பத்து காப்பி எடுத்தாலும் பத்திலும் அதே எழுத்துதானே? நகலிலிருந்து புதிது எப்படி வரும்?

ஆர்., மேற்கு மாம்பலம்

அன்புள்ள ஆர்.,

நியாயமான கேள்வி. செல் பிரியும் முன் டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்பட்டு, ஆளுக்கொன்றாக இரு செல்களுக்கும் போகிறது. நீங்கள் சொல்லும் ஜெராக்ஸ் அதுதான். பழுதான ஏட்டைப் புது ஓலையில் பெயர்த்தெழுதியதும் இந்த வகைதான். இங்கே பிழை நேர்ந்தால் பெரும்பாலும் நஷ்டம். ஓலையில் மெய்க்குப் புள்ளி இருக்காது, ரகரமும் காலும் ஒன்றுபோலத் தெரியும். உ.வே.சா. பல ஏடுகளை ஒப்பிட்டுத்தான் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார்.

இரட்டிப்பு என்பது ஒரே புத்தகத்துக்குள் ஒரு பக்கம் இரண்டு முறை சேர்ந்துவிடுவது. எங்கள் வீட்டுப் பத்திர நகலில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, எழுதிய பக்கம் அப்படித் தைக்கப்பட்டிருக்கிறது. அப்பா ஒன்றில் பேனா படவே விடவில்லை. மற்றதன் ஓரமெல்லாம் எழுதி வைத்தார்: கிழக்கே இப்போது யார் வீடு, மூடிய கிணறு எங்கே, தென்னை நின்ற இடம் எது என்று. ஒரு பக்கம் சுத்தமாக இருந்த தைரியம். இன்று நாங்கள் அடிக்கடி புரட்டுவது அந்தக் கிறுக்கிய பக்கத்தைத்தான்.

1970இல் மரபியல் அறிஞர் சுசுமு ஓனோ சொன்னதும் ஏறக்குறைய இதுவே. ஒரு படி பழைய வேலையைப் பார்த்துக்கொள்ள, உபரிப் படி மாறிப் பார்க்கலாம். பெரும்பாலும் அது கெட்டுச் செயலிழந்துவிடும். தொல்லை தருவதும் உண்டு. 17ஆம் குரோமோசோமில் பி.எம்.பி.22 மரபணு இரட்டித்தால் நரம்பின் உறை கெட்டு நடை தளர்கிறது.

ஆனால் பனகல் பார்க் சிக்னலில் நிற்கும்போது யோசித்துப் பாருங்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் உரிய நம் கண் நிறமிகளின் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. நம் குரங்கு மூதாதையரிடம் ஒன்றாக இருந்து இரண்டானவை. ஒவ்வொரு நிறமியும் 364 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். வேறுபாடு சுமார் 15 இடங்களில்தான். அந்தச் சிறு வேறுபாட்டில்தான் நமக்கு இரண்டு விளக்கும் இரண்டு நிறம். அப்புறம், இரண்டும் இவ்வளவு ஒத்திருப்பதால், கருமுட்டை உருவாகையில் தாயின் இரு எக்ஸ்களும் துண்டு மாற்றிக்கொள்ளும்போது இடம் பிசகி ஒன்று விடுபட்டுப் போவதும் நடக்கிறது. மகனுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால், அவனுக்கு அந்த இரு விளக்குகளையும் நிறம் பார்த்துப் பிரிப்பது சிரமம்.