கொத்துகிற கொடுவா ஏன் கொளுவுவதில்லை?

கேள்வி: கனடாவில் இருக்கும் மச்சான் நல்ல தடி, 7.1:1 ரீல், பின்னல் நூல், ரப்பர் இரைகள் எல்லாம் அனுப்பியிருக்கிறார். லீவு நாட்களில் விடிய வெள்ளெனப் பண்ணைப் பாலத்தடியில் கொடுவாவுக்கு எறிகிறேன். யூடியூப்பில் அமெரிக்கக்காரர் பாஸ் மீனுக்குச் செய்கிற மாதிரி, முள் நுனியை ரப்பருக்குள் மறைக்கிற டெக்சஸ் ரிக் கட்டி, கொத்து விழுந்த உடனே ஓங்கிச் சுண்டுகிறேன். பெரும்பாலும் வெறும் ரப்பர்தான் திரும்பி வருகிறது, சில நேரம் வாலும் இல்லாமல். இன்னும் விறைப்பான தடி வாங்கவா? பின்னல் நூலுக்கும் முள்ளுக்கும் இடையில் கட்டுகிற லீடர் நூல் எந்தத் தடிப்பில் இருக்க வேண்டும்? (சின்ன வயதில் அப்பாதான் எனக்குக் கைத்தூண்டில் பழக்கினவர். இப்போது கண் மங்கல் என்பதால் கூட்டிக்கொண்டு போவதில்லை. நான் வெளிக்கிடும்போது படலையடியில் வந்து நிற்பார்.)
— ஒரு வாசகர், நாவாந்துறை, யாழ்ப்பாணம்

பதில்: தம்பி, வேறு தடி வாங்க வேண்டாம். இந்த முறைப்பாடு எனக்கு நன்றாகப் பழகினது. வெளிநாட்டிலிருந்து முதலில் சாமான் வரும், பிறகு கொத்துகிற மீன் கொளுவவில்லை என்று எனக்குக் கடிதம் வரும். பிழை சாமானில் இருப்பது மிகக் குறைவு.

உமது கடிதத்தில் ரீலின் கியர் விகிதம் வரை இருக்கிறது. அப்பாவின் கண்ணுக்கு என்ன வருத்தம் என்பது இல்லை. "மங்கல்" என்று எழுதி, அதையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த அடைப்புக்குறிக்காகத்தான்.

கண் தெரியாதவர் வந்து என்ன செய்யப்போகிறார் என்று நினைக்கிறீர். உமது மீனும் அந்த நினைப்பால்தான் தப்புகிறது. வெளிச்சம் வந்த பிறகு நூல் பக்கவாட்டில் நகர்வதைக் கண்ணால் பிடிக்கலாம், சரி. விடியப்புறத்து இருட்டில் அது நடக்காது. அப்போது ரப்பர் இரையில் விழுகிற கொத்தை விரல்தான் அறியும். விரலால் பிடிக்கிற வேலையை உமக்குச் சொல்லித்தந்தவர் வீட்டில் இருக்கிறார். நீரோ அமெரிக்காவின் நன்னீர் ஏரியில் நிற்கிற ஒருவரிடம் படிக்கிறீர். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அவர் கை ஓங்குவதற்கு முன் செய்கிற சின்ன வேலை படத்தில் உமது கண்ணுக்குத் தெரியவில்லை. உமது அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும்.

கொடுவா இரையைப் பல்லால் கவ்வுவதில்லை. வாயைத் திறந்ததும் தண்ணீரோடு சேர்ந்து இரை உள்ளே போகிறது. உமது விரலுக்கு வருவது ஒரு "டொக்" மட்டும்தான். ரப்பர் மெத்தென்று இருப்பதால் மீன் அதை உடனே துப்பாமல் சற்று வைத்திருக்கும். அந்தச் சற்று நேரத்தில் நீர் செய்வது என்ன? நூல் தொய்ந்திருக்கும்போதே ஓங்குகிறீர். சோளகக் காற்று அடிக்கிற நாளில் பண்ணையில் நூல் எப்படி வளைந்து கிடக்கும் என்று பாரும். உமது பலமெல்லாம் அந்த வளைவை நிமிர்த்துவதில் முடிந்துவிடும். டெக்சஸ் ரிக்கில் முள்ளின் நுனி ரப்பருக்குள் ஒளிந்திருக்கிறது. அது முதலில் ரப்பரைத் துளைக்க வேண்டும், பிறகு கொடுவாவின் எலும்பு வாயைத் துளைக்க வேண்டும். மிச்சப் பலத்தில் இது நடக்காது.

கைத்தூண்டில்காரர் முதல் தொடுகையில் கையை உதறமாட்டார். விரலால் தங்கூசி நூலைக் கூட்டிக் கூட்டித் தொய்வை எடுப்பார். பாரம் விரலில் ஏறியதும் முழங்கையோடு ஒரு இழுப்பு. தடியிலும் அதேதான். டொக் என்றதும் தடி நுனியை மீன் பக்கம் தாழ்த்தும். தொய்வு போகுமட்டும் வேகமாகச் சுற்றும். உமது ரீல் ஒரு சுற்றுக்கு ஏழு சுற்று நூல் எடுக்கிறது, இரண்டு சுற்றுக்கு மேல் தேவைப்படாது. பாரம் தெரிந்ததும் மேல்நோக்கி உறுதியாக இழும். அதற்கு மேல் காத்திருக்கவும் வேண்டாம், மீன் குடல்வரை விழுங்கிவிடும்.

பின்னல் நூல் நைலோன் தங்கூசி மாதிரி இழுபடாது. அதில் ஓங்கி அறைந்தால் வாய் கிழிந்து, கொளுவின மீனும் பாதியில் கழன்றுவிடும். இழுக்கும்போது ரீல் கிர்ரென்று நூலை விட்டால் டிராக், அதாவது ரீலின் பிரேக், தளர்வு, கொஞ்சம் இறுக்கும். முள்ளின் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பாரும். வழுக்கினால் அரத்தில் தீட்டும், இல்லையென்றால் எறியும். உப்புத் தண்ணீரில் பாவித்த முள்ளை நல்ல தண்ணீரில் கழுவாமல் பெட்டிக்குள் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் விடும். ஈயத் தலையோடு முள் வெளியே தெரிகிற ஜிக் தலை கட்டினால் இவ்வளவு பலம் வேண்டாம், சுற்றிக்கொண்டே பக்கவாட்டில் இழுத்தால் போதும். வால் கத்தரித்தாற்போல் அறுந்து வந்தால் அது பேத்தை மீனின் வேலையாக இருக்கும், அதற்குச் சுண்டிப் பயனில்லை.

இனி அப்பாவின் விஷயம். சின்னப் பிள்ளையைக் கரைக்குக் கூட்டிப்போனால் நூல் சிக்கும், மீன் கலையும், பிள்ளை பசிக்குது என்று சிணுங்கும். இதெல்லாம் தெரிந்துதான் அவர் உம்மைக் கூட்டிப்போனார். தனியப் போயிருந்தால் கூடப் பிடித்திருப்பார். இன்று அதே மனுசனைப் படலையடியில் விட்டுவிட்டுப் போகிறீர், அவர் எதற்காக அங்கே வந்து நிற்கிறார் என்று கேட்காமலே. வயதான தகப்பனுக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிற வீடுகள் இங்கே கூடிவிட்டன. நான் அதை ஏற்கிறவள் அல்ல. அவருக்குத் தெரிந்த வேலையை அவரிடம் கேட்பதும் கடமைதான். அதற்குப் பத்துச் சதம் செலவில்லை.

வரச்சொன்னால் முதலில் "நான் வந்து என்னத்தைச் செய்ய" என்பார். அதைப் பதிலாக எடுக்க வேண்டாம், கதிரையை எடுத்து வையும். வாகனம் போகிற பக்கம் இருத்தாமல் தண்ணீர்ப் பக்கம் தள்ளி, தரை மட்டமான இடத்தில் இருத்தும். நீர் எறிந்துவிட்டுத் தடியை அவர் கையில் கொடும். எறியும்போது கடலில் தடி நட்டு வலை கட்டின களங்கட்டிகளை விட்டு விலகி எறியும், அது இன்னொருவரின் சோறு. ரீலுக்கு முன்னால் நூல் அவருடைய சுட்டுவிரல் நுனியில் படட்டும். சுற்றிப் பிடிக்க விடவேண்டாம், மீன் ஓடினால் பின்னல் நூல் சதையை அறுக்கும். பிறகு மீனை ஏந்துகிற அத்தாங்கு வலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இரும். டொக் என்றதற்கும் அவர் இழுப்பதற்கும் இடையில் அவர் கை என்ன செய்கிறது என்று பாரும். கேட்டால் வாயால் சொல்ல அவருக்கு வராமல் இருக்கலாம், கை செய்யும்.

கண் மங்குவதை வயது என்று விட்டுவிடவும் கூடாது. கண்புரை என்றால் சத்திரசிகிச்சையில் சரிசெய்யக்கூடிய வருத்தம். பிரஷர் கூடிக் கண் பழுதாகிற வருத்தம் என்றால், போன பார்வை திரும்பாது, நாள் கடத்தக் கடத்த மிச்சமும் போகும். எது என்று நீரும் நானும் சொல்ல முடியாது. யாழ் போதனா வைத்தியசாலையில் கண் கிளினிக் இருக்கிறது. மீனுக்குப் போகிற லீவு நாளில் ஒன்றை அதற்குக் கொடுத்து, நீரே கூட்டிக்கொண்டு போம், அயல்வீட்டுப் பிள்ளையோடு அனுப்ப வேண்டாம்.

லீடர் தடிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர். அப்பாவைக் கிளினிக்கில் காட்டிவிட்டு, டொக்டர் என்ன சொன்னார் என்று எழுதும். அந்தக் கடிதத்துக்கு லீடரைப் பற்றிப் பதில் தருகிறேன்.