கதவைத் துடைத்தீர்களா?

கேள்வி: டிராக் போட்டிக்காக என் காரில் முதல் முறையாக வினைல் (பிளாஸ்டிக் ஸ்டிக்கர்) நம்பர் ஒட்டினேன். நடுவில் குமிழ் குமிழாக இருக்கிறது, ஓரமெல்லாம் தூக்குகிறது. வினைல் மட்டமா, என் கை மட்டமா?

பதில்: இரண்டையும் திட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள், ஒட்டுவதற்கு முன் கதவை எதனால் துடைத்தீர்கள்? கார் ஷாம்பு போட்டுக் கழுவினேன் என்றால் அது போதாது. பாலிஷ், மெழுகு, டயருக்கு அடித்த சிலிகான் ஸ்ப்ரே எல்லாம் பெயின்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாக நிற்கும், பசை பெயின்டில் ஒட்டாமல் அந்தப் படலத்தில்தான் ஒட்டும். கழுவிக் காய்ந்த பிறகு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள், அது தானாக ஆவியாகும் முன்னே இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். தானாகக் காயவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே படிந்துவிடும். பெரும்பாலும் ஓரம் தூக்குவதற்குக் காரணம் இதுதான். காரைப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் சில வாரங்கள் பொறுங்கள். பெயின்டிலிருந்து வெளியேறும் கரைப்பான் ஆவி போக வழியில்லாமல் வினைலுக்கு அடியில் குமிழாக நிற்கும், அதை எவ்வளவு அழுத்தினாலும் திரும்ப வரும்.

சரி, ஒட்டும் முறைக்கு வருவோம். முதலில் பின்காகிதத்தோடேயே நம்பரைக் கதவில் வைத்து மாஸ்கிங் டேப்பால் பிடித்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கதவின் அடிவிளிம்பை நம்பி நேர் பார்க்காதீர்கள், பல கார்களில் அந்தக் கோடே சாய்ந்துதான் இருக்கும். இடம் சரியென்றால் நம்பரின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு டேப் போட்டு, ஒரு பாதியை மடக்கிப் பின்காகிதத்தை உரித்து வெட்டி எடுத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஸ்க்வீஜியால் (தட்டையான பிளாஸ்டிக் வழிப்பான்) தேய்த்து ஒட்டுங்கள். அப்புறம் நடு டேப்பை எடுத்துவிட்டு மறு பாதி. ஸ்க்வீஜி முனையில் ஃபெல்ட் துணி இருந்தால் கீறல் விழாது.

பெரிய நம்பருக்குச் சோப்புத் தண்ணீர் முறை உதவும். ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, அவ்வளவுதான். கதவிலும் பசையிலும் அடித்தால் வினைல் வழுக்கும், நகர்த்திச் சரிசெய்யலாம். தண்ணீரை நன்றாக வழித்துத் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் நம்பரைச் சிதறாமல் பிடித்திருக்க மேலே ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் டேப்பை உரிக்க வேண்டும். வெளியே இழுக்காதீர்கள், கதவோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடக்கி மெதுவாக எடுங்கள். எண்ணும் கூடவே எழுந்தால் திரும்பப் படியவைத்து, தேய்த்து, காத்திருங்கள். பசைப் பக்கம் காற்று வெளியேறும் நுண்கோடுகள் உள்ள வினைலுக்கு மட்டும் தண்ணீர் வேண்டாம், அதை உலர்வாகத்தான் ஒட்ட வேண்டும். மிஞ்சிய குமிழியை நடுவில் அல்ல, ஓரத்தில் ஊசியால் குத்தி அழுத்துங்கள்.

கேள்வி: சில்வர் காரில் குரோம் நம்பர் எடுப்பாக இருக்குமா?

பதில்: பார்க்க எடுப்பாக இருக்கும், படிக்க முடியாது. கார் ஓடும்போது நம்பரைப் பார்த்து எழுதுகிறவருக்கு ஒரு நொடிதான் கிடைக்கும், வெயிலில் குரோம் மின்னினால் அந்த நொடியும் போச்சு. உங்கள் போட்டி விதிப்புத்தகத்தில் அளவு இருக்கும், அதை முதலில் பாருங்கள். உதாரணமாக, அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் பந்தய அமைப்பு நடத்தும் சோலோ போட்டிகளில் எண் குறைந்தது 8 அங்குல உயரமும், கோட்டின் தடிமன் 1.25 அங்குலமும் இருக்க வேண்டும். 3, 6, 8 மூன்றும் தூரத்திலிருந்து ஒன்றாகத் தெரியும் அலங்கார எழுத்துருக்களைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: பம்பர் வளைவிலும் பானெட் மடிப்பிலும் ஸ்பான்சர் ஸ்டிக்கர் இரண்டே நாளில் உள்குழியிலிருந்து கிளம்பிவிடுகிறது. என்ன செய்ய?

பதில்: நீங்கள் வாங்கியது அநேகமாக காலண்டர்டு வினைல். உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கியது என்பதால் இழுத்து ஒட்டினாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். தட்டையான கதவுக்கு அது போதும், வளைவுக்குக் காஸ்ட் வினைல்தான், சுமார் 50 மைக்ரான் தடிமன், மென்மையானது. அதையும் குழியில் ஹீட் கன்னால் (சூடான காற்று ஊதும் கருவி) சூடாக்கி வளைத்தபின், 90 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை மறுபடி சூடு காட்டினால்தான் அந்த வடிவத்தில் நிலைக்கும். தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதுவே செல்லும். இரண்டு துண்டுகள் மேல்மேல் வந்தால் பின்பக்கத் துண்டை முதலில் ஒட்டி அதன்மேல் முன்பக்கத் துண்டு வரட்டும், ஓடு வேய்வதைப் போல, காற்று விளிம்பைப் பிடித்துத் தூக்காது. கூர்மூலைகளை உருட்டி வெட்டுங்கள். பெயின்ட் அடிக்காத சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் எதையும் ஒட்டிப் பணத்தை வீணாக்காதீர்கள். ஒட்டிய பிறகு காரின் மேலேயே பிளேடு வைத்து வெட்டுவதும் வேண்டாம், பெயின்டில் கோடு விழும்.

கேள்வி: அதே காரைத்தான் ஆபீசுக்கும் ஓட்டுகிறேன். நம்பர் போட்ட காந்தத் தகடு போதாதா?

பதில்: மெதுவான ஓட்டத்துக்குச் சிலர் வைக்கிறார்கள். வேகத்தில் பறந்து பின்னால் வருபவர் கண்ணாடியில் அடிக்கலாம், சில போட்டிகளில் அனுமதியே இல்லை. அலுமினியக் கதவிலும் கார்பன் ஃபைபரிலும் ஒட்டவும் ஒட்டாது. கழற்ற எளிதான பசை கொண்ட வினைல் வாங்கிக்கொள்ளுங்கள். உரிக்கும்போது ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, ஒரு மூலையை நகத்தால் எழுப்பி, கதவோடு தாழ்வாக, அவசரப்படாமல் இழுங்கள். மிஞ்சும் பசையை முன்பு துடைத்த அதே ஆல்கஹால் எடுத்துவிடும். எண்ணை மாதக்கணக்கில் வெயிலில் விட்டுவைத்தால் பெயின்டில் அதன் நிழல் தெரியும், அதனால் போட்டி முடிந்த வாரமே எடுத்துவிடுங்கள்.