பெட்டிக்குள் காய்ந்து கிடக்கும் கிருமி

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், சேலத்தில் உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் நுண்ணுயிர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

என் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். லீவுக்கு வரும்போதெல்லாம் இங்கே இருக்கும் பேத்திக்கு, காலையில் பால் ஊற்றிச் சாப்பிடும் சீரியல் பெட்டி, ஓட்ஸை இனிப்புச் சேர்த்துக் கட்டியாக்கிய கிரனோலா பார் என்று அள்ளிக்கொண்டு வருவான். ஒருநாள் போன் பண்ணி, "அம்மா, அந்தப் பெட்டியைத் தொடாதீங்க, கிருமி இருக்குன்னு கம்பெனியே திரும்ப வாங்குறாங்க" என்றான். மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கிற பண்டத்தில் கிருமி எப்படி வரும்? முகர்ந்து பார்த்தேன், கெட்ட வாசனைகூட இல்லை.
— வாசகி, அம்மாபேட்டை

முகர்ந்து பார்த்தீர்கள், சரி. வாயில் போட்டுப் பார்க்கவில்லையே? அந்த வேலை மட்டும் வேண்டாம் அம்மா.

பால் திரிவதும் குழம்பு ஊசிப்போவதும் நமக்கு மூக்கிலேயே தெரிந்துவிடும். அங்கே கிருமி லட்சக்கணக்கில் பெருகி, சாப்பாட்டையே மாற்றிவிடுகிறது. சீரியலில் நடப்பது வேறு. அதில் இருக்கும் ஈரம் கிருமி பெருகப் போதாது. ஆனால் பெருக முடியாததும் செத்துப்போவதும் ஒன்றல்ல. சால்மொனெல்லா என்ற பாக்டீரியா, ஈரமே இல்லாத பண்டத்தில் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். அட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட கேழ்வரகு விதை மழைக்குக் காத்திருப்பதுபோல அது ஈரத்துக்குக் காத்திருக்கும். நம் வயிற்றுக்குள் போனால் ஈரமும் சூடும் தானாகக் கிடைத்துவிடுகிறது.

இது கற்பனைப் பயம் இல்லை. 1998இல் அமெரிக்காவில் வறுத்த ஓட்ஸ் சீரியல் சாப்பிட்ட இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு சால்மொனெல்லா தொற்று வந்தது. மால்ட்-ஓ-மீல் என்ற கம்பெனி, மினசோட்டா மாநிலத்தில் நார்த்ஃபீல்டில் அதன் தொழிற்சாலை. தேய்த்துக் கழுவிச் சரிசெய்தார்கள். சரியாகப் பத்து வருடம் கழித்து, 2008 ஏப்ரலில், அதே கம்பெனியின் அரிசிப் பொரி, கோதுமைப் பொரி சீரியல்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அகோனா என்று பெயரிட்ட அதே வகை, அதே வம்சம். கட்டடத்துக்குள் பூசி மூடப்பட்ட இடத்தில் இத்தனை வருடம் கிடந்து, பிறகு நடந்த கட்டட வேலையில் தூசியோடு வெளியே வந்திருக்க வேண்டும் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான். காய்ந்த தூசியை லேசாக நினைக்கும் பிள்ளை எங்கள் வேலைக்கு ஆகாது.

உங்கள் மகன் சொன்னதுபோல கிரனோலா பாரிலும் நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி கிரனோலா பார்களையும் சில சீரியல்களையும் திரும்ப வாங்கியது; 2024 ஜனவரியில் அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது. அவற்றைச் செய்த இல்லினாய் மாநிலத்து டான்வில் தொழிற்சாலையை அப்புறம் மூடியே விட்டார்கள்.

சூளைச் சூட்டில் வறுத்த பண்டத்தில் எப்படி வந்தது என்பது அடுத்த சந்தேகமாக வரும். வறுக்கும்போது பெரும்பாலும் செத்துத்தான் போகிறது. வறுத்து வெளியே வந்த பிறகு சர்க்கரைப் பாகு பூசுகிறார்கள், வைட்டமின் கரைசல் தெளிக்கிறார்கள், ஆறவைக்கிறார்கள், பெல்ட்டில் ஓட்டிப் பெட்டியில் நிரப்புகிறார்கள். அதற்குப் பிறகு சூடு கிடையாது. கூரையில் ஒழுகும் ஒரு சொட்டு, இயந்திரத்தைக் கழுவிவிட்டுக் காயவிடாத ஒரு மூலை, கச்சாத் தானியம் கொட்டும் பக்கத்திலிருந்து பறந்து வரும் தூசி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். சீரியல் தொழிற்சாலையில் எல்லாரும் பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான்.

கிருமி இருக்கிறதா என்று ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? வீட்டிலேயே பார்க்க ஏதாவது வழி உண்டா?
— பத்தாம் வகுப்பு மாணவி, செவ்வாய்ப்பேட்டை

வீட்டில் வழி இல்லை கண்ணு. ஆய்வகத்தில் எப்படி என்று சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும்.

சீரியலில் 25 கிராம் எடை போட்டு எடுப்போம். அதை 225 மில்லி சத்து நீரில் போட்டு, நம் உடம்புச் சூட்டிலேயே ஒரு முழு இரவு வைப்போம். காய்ந்து மயங்கிக் கிடக்கும் கிருமியை எடுத்த எடுப்பில் கடுமையான வளர்ப்பு ஊடகத்தில் போட்டால் தாங்காமல் செத்துவிடும். முதலில் அதைத் தேற்ற வேண்டும். மறுநாள் அதில் கொஞ்சம் எடுத்து, மற்றக் கிருமிகளை அடக்கி சால்மொனெல்லாவை மட்டும் வளரவிடும் திரவத்துக்கு மாற்றுவோம். அதற்கும் அடுத்த நாள், அந்தத் திரவத்தைத் தொட்ட கம்பியால், எக்ஸ்எல்டி என்ற செந்நிற அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் கோடு இழுப்போம். சால்மொனெல்லா இருந்தால் பெரும்பாலும் இளஞ்சிவப்பாகச் சிறு புள்ளிகள் தெரியும், ஒவ்வொன்றின் நடுவிலும் மை வைத்ததுபோல ஒரு கறுப்பு. அதற்கு மேல் உறுதிப்படுத்தும் சோதனைகள் தனி. எப்படியும் நாலைந்து நாள் ஆகும்.

அந்த 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது அளவுகோல். இன்னொன்றையும் புரிந்துகொள். ஒரு பேட்ச்சில், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதியில், டன் கணக்கில் சரக்கு இருக்கும். கிருமி அதில் எங்கோ ஒரு மூலையில் கொத்தாக இருக்கும். நான் எடுத்த 25 கிராமில் அது இல்லை என்பதால் பேட்ச் முழுதும் சுத்தம் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அதனால்தான் பண்டத்தைவிடத் தொழிற்சாலைத் தரையையும் வடிகாலையும் இயந்திர இடுக்கையும் துடைத்தெடுத்துச் சோதிப்பது முக்கியம்.

ஒரு பொருளைத் திரும்பப் பெறுகிறார்கள் என்றால் அந்தக் கம்பெனியே மோசம் என்றுதானே அர்த்தம்? நம் ஊரில் இப்படிச் செய்திகள் அதிகம் வருவதில்லையே, நம் பொருள்கள் சுத்தமா?
— வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்கிறேன்: செய்தி வராததை வைத்துச் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள் ஐயா. தேடினால்தான் கிடைக்கும். பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் நாம் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு "வெளிச் சாப்பாடு ஒத்துக்கல" என்று விட்டுவிடுகிறோம். மலப் பரிசோதனை செய்து கிருமியின் வகையைப் பிரித்து, பத்து ஊர் நோயாளிகளை ஒப்பிட்டு, "எல்லாரும் சாப்பிட்டது இந்த சீரியல்" என்று பிடிக்க ஒரு பெரிய ஏற்பாடு வேண்டும்.

2018இல் அமெரிக்காவில் கெல்லாக் கம்பெனியின் ஹனி ஸ்மாக்ஸ் சீரியல் விஷயத்தில் அப்படித்தான் பிடித்தார்கள். சால்மொனெல்லா எம்பண்டாக்கா என்ற வகை. 36 மாநிலங்களில் 135 பேருக்குத் தொற்று, 34 பேர் மருத்துவமனையில். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஜூன் மாதமே திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தும், ஜூலையில் சில கடைகளில் அதே பெட்டி விற்பனைக்கு இருந்தது. எனக்கு ஆறாத கோபம் இதைவிட வேறொன்றில். அந்தச் சீரியலைச் செய்து கொடுத்தது கெர்ரி என்ற வேறொரு நிறுவனம், இல்லினாயில் கிரிட்லி என்ற ஊரில். 2016 ஜூன் முதல் 2018 ஜூன் வரை அந்தத் தொழிற்சாலைக்குள் எடுத்த வழக்கமான சோதனைகளில் சுமார் 81 முறை சால்மொனெல்லா தென்பட்டிருக்கிறது. தென்பட்டும் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1 கோடியே 92 லட்சம் டாலருக்கு மேல் கட்டினார்கள். ஆய்வகத்தில் உட்கார்ந்து தட்டு தட்டாகப் பார்த்து "இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தவர் யாரோ, அவர் மனது என்ன பாடுபட்டிருக்கும்! எழுதிக் கொடுத்த தாளை மேலே ஒருவர் படித்து இயந்திரத்தை நிறுத்தாவிட்டால் எங்கள் வேலைக்கே பொருள் இல்லை.

ஆகவே, திரும்பப் பெறுவதை வைத்து மட்டும் கம்பெனியை எடை போடாதீர்கள். யாருக்கும் நோய் வரும் முன்பே தானாக முன்வந்து பெறுபவரும் உண்டு, ஆள்கள் படுத்த பிறகு வேறு வழியில்லாமல் பெறுபவரும் உண்டு. முதலாமவரை நான் மதிக்கிறேன்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இதற்கானது. நடைமுறை விதிகள் 2017இல் வந்தன. திரும்பப் பெறுவது பேட்ச் நம்பரை வைத்துத்தான் நடக்கும். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? வாங்கி வந்ததும் பாக்கெட்டைக் கத்தரித்து எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிட்டு, கவரைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். பேட்ச் நம்பர், தேதி, 14 இலக்க உரிம எண் எல்லாம் அதோடு போய்விடுகிறது. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி டப்பா மூடிக்குள் ஒட்டி வையுங்கள். அல்லது செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

எங்கள் ஊரில் மழைக்காலம் வந்தால் பனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். பிரித்த கார்ன்ஃப்ளேக்ஸ் இரண்டே நாளில் நமத்துப்போகிறது. வாணலியில் லேசாகப் புரட்டி எடுத்தால் கிருமியும் செத்துவிடும்தானே?
— வாசகி, நாகலூர், ஏற்காடு

மொறுமொறுப்பு திரும்பி வரும். கிருமி சாகும் என்று நம்ப வேண்டாம். காய்ந்த நிலையில் இருக்கும் சால்மொனெல்லா வெறும் சூட்டைப் பிடிவாதமாகத் தாங்கும். தண்ணீரில் கொதிக்கும்போது சீக்கிரம் செத்துப்போகிற அதே கிருமி, ஈரமில்லாத பண்டத்துக்குள் இருந்தால் அதே சூட்டில் நெடுநேரம் பிழைத்துக் கிடக்கும். சாகிற அளவுக்கு வறுத்தால் உங்கள் கார்ன்ஃப்ளேக்ஸ் கருகிவிடும். அதனால் திரும்பப் பெற்ற பண்டத்தை "வறுத்துச் சாப்பிட்டுக்கலாம்" என்று வைத்துக்கொள்ளவே கூடாது.

மற்றபடி, நமத்துப்போனது என்பதற்காக மட்டும் நஞ்சாகிவிடாது. ஆனால் மலைப்பனியில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள், ரப்பர் வளையம் வைத்த மூடி டப்பாவில் போடுங்கள், ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். பால் ஊற்றியதும் அது காய்ந்த பண்டம் இல்லை, பால் பண்டம். குழந்தை பாதி சாப்பிட்டு வைத்ததை மத்தியானத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

கடைச் சீரியலே வேண்டாம் என்று வீட்டில் சத்துமாவு செய்து ஒன்பது மாதப் பேரனுக்குக் கஞ்சி கொடுக்கிறோம். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு எல்லாம் முளைகட்டி, மாடியில் காயவைத்து, வறுத்து, மில்லில் அரைக்கிறோம். இதில் பயம் இல்லையே?
— பாட்டி, சூரமங்கலம்

நல்ல உணவு பாட்டியம்மா, விடாதீர்கள். ஆனால் நீங்கள் எழுதிய வரிசையிலேயே கவனிக்க வேண்டிய இடம் மூன்று இருக்கிறது.

முளைகட்டும்போது ஈரத்துணிக்குள் கதகதப்பாக வைக்கிறோம். தானியம் முளைக்கும் அதே சூழலில்தான் கிருமியும் பெருகும். நன்றாகக் களைந்து, கொதித்து ஆறிய தண்ணீரில் ஊறவையுங்கள். துணியைக் கொதிநீரில் அலசி எடுங்கள். வழவழப்போ புளிப்பு வாடையோ வந்தால் அந்த ஈடு குழந்தைக்கு வேண்டாம்.

மாடியில் காயவைக்கும்போது மேலே ஒரு மெல்லிய வேட்டித் துணியைப் போர்த்தி நான்கு மூலையிலும் கல் வையுங்கள். காக்கை, புறா எச்சத்திலும் பல்லி எச்சத்திலும் சால்மொனெல்லா இருக்கலாம். ராத்திரி மாடியிலேயே விட்டுவிட வேண்டாம்.

மூன்றாவது, மில். வறுத்த பிறகு அரைக்கிறோம், சீரியல் தொழிற்சாலையில் பார்த்த அதே நிலைமைதான். உங்களுக்கு முன்னால் யாரோ கழுவாத மிளகாயும் மல்லியும் அரைத்திருப்பார்கள். முடிந்தால் காலையில் முதல் ஆளாகப் போங்கள். ஒரு கைப்பிடி அரிசியை முதலில் ஓட்டச் சொல்லி அந்த மாவைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க மாவைக் கட்டி மூடினால் உள்ளே வியர்த்து ஈரம் சேரும். அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள்.

இத்தனைக்கும் மேலே உங்களைக் காப்பது அடுப்புதான். மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொப்புளம் விட்டுக் கொதி வந்த பிறகும் சில நிமிடம் கிளறிக் காய்ச்சினால் சால்மொனெல்லா நிற்காது. வெந்நீரில் கரைத்து ஊட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். காய்ச்சிய கஞ்சியை உடனே கொடுங்கள். காலையில் காய்ச்சியதைப் பகல் முழுக்க வெளியே வைத்துச் சூடு பண்ணிக் கொடுக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்று இன்னொரு பாக்டீரியா இருக்கிறது, அதன் வித்துகள் கொதியையும் தாங்கி, ஆறிய கஞ்சியில் முளைத்துவிடும். அது விடும் நஞ்சில் ஒரு வகை, மறுபடி சுடவைத்தாலும் போகாது.

திரும்பப் பெற்ற பொருளைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்? மீதியைக் கோழிக்குப் போடலாமா? யாரிடம் சொல்வது?
— வாசகர், அயோத்தியாபட்டணம்

சாப்பிட்ட எல்லாருக்கும் வந்துவிடாது. வந்தால் 6 மணி நேரத்திலிருந்து 6 நாளுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, பேதி தெரியும். ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே இருங்கள். மலத்தில் ரத்தம், இறங்காத காய்ச்சல், சிறுநீர் குறைவது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் காத்திருக்கவே வேண்டாம். முன்பு வாங்கி மீந்த ஆன்டிபயாடிக்கை நீங்களாகப் போடாதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று பெட்டியின் படத்தோடு சொல்லுங்கள்.

புகாருக்கு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' என்ற செல்போன் செயலி வழியாகவும் அனுப்பலாம். பெட்டியும் ரசீதும் கையில் இருக்கட்டும்.

கோழிக்கு வேண்டாம். அதன் குடலில் குடியேறி முட்டையோடு உங்கள் அடுக்களைக்கே திரும்பி வரும். மாட்டுக்கும் வேண்டாம், உரக்குழியிலும் வேண்டாம். இரண்டு கவருக்குள் போட்டு இறுகக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள். டப்பாவைச் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து, கவிழ்த்து வைத்து, ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்த பிறகுதான் அடுத்த பாக்கெட்டைக் கொட்ட வேண்டும்.